இருபத்துநான்கு மணி நேர நோவு

தெலுங்கு நாட்டில் குடியேறிய தமிழர் முதற் சில மாதங்களுக்குள்ளேயே கற்றுக்கொள்ளும் சொற்களுள் 'நொப்பி' என்பது ஒன்று. வலி என்பது அதன் பொருள். நம்முடைய நோவு, நோய் என்னும் சொற்களோடு உடன்பிறந்ததாதலால் அஃது நம் செவிக்கு அயலாக ஒலிப்பதில்லை. இந்நாட்டு மக்கள் ஒருவகை வயிற்று வலிக்கு 'இரவை நாலுகு கண்டல நொப்பி' என்று பெயரிட்டு வழங்குகின்றனர். இருபத்துநான்கு மணி நேர நோவு என்று அதனைத் தமிழாக்கலாம். மருத்துவர் 'அப்பெண்டிசைட்டிஸ்' என்றும், நம் பாட நூல்கள் குடல்வால் அழற்சி என்றும் கூறுவது இந்நோயையே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனாதலால் இம்மூன்று பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எனக்கு வழக்கம். மருத்துவர் பெயரும் தமிழ்ப் பெயரும் நோய் பற்றும் இடத்தைச் சுட்டுகின்றன. தெலுங்குப் பெயரோ, நோயாளிக்கு இருக்கும் நேரத்தைச் சுட்டுகின்றது. மூன்றனுள் பயன் மிகுந்தது இதுவே என்பது என் கருத்து.

2020, 2021-ஆம் ஆண்டுகளில் உலகைச் சூழ்ந்த கொரோனாப் பெருந்தொற்று, இந்த நேரத்தைப் பலரிடமிருந்து பறித்துக்கொண்டது. அது பறித்த விதத்தைச் செகந்தராபாத்தின் வடபகுதியில், போவன்பள்ளியை ஒட்டிய வட்டாரத்தில் வாழ்பவர் நன்கு அறிவர். அவ்வரலாற்றைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில், சுண்டு விரலை ஒத்த சிறு குழாயொன்று தொங்குகின்றது. அதன் வாயைக் கெட்டிப்பட்ட மலத்துணுக்கோ வீங்கிய சதையோ அடைத்துவிட்டால் உள்ளே கிருமிகள் பெருகிக் குழாய் வீங்குகின்றது. வலி தொப்புளைச் சுற்றித் தொடங்குகின்றது. உணவில் வெறுப்பும் குமட்டலும் உண்டாகின்றன. சில மணி நேரத்தில் வலி வயிற்றின் வலது கீழ்ப்பகுதிக்கு இறங்கி அங்கேயே நிலைகொள்கின்றது. ஒரு நாளோ ஒன்றரை நாளோ கடந்தபின் குழாய் வெடிக்கும் அபாயம் மிகுகின்றது. வெடித்தால் சீழ் வயிற்றினுள் பரவும். வெடித்த உடனே வலி சற்றுத் தணிவதும் உண்டு. நோய் நீங்கிற்று என்று வீட்டார் மகிழ்வர். உண்மையில் மிகக் கொடிய கட்டம் அப்போதுதான் தொடங்குகின்றது.

இந்நோயைப் பற்றிய தெளிவு மருத்துவ உலகிற்கு வந்தது வெகு அண்மையில்தான். 1735-இல் இலண்டனில் கிளாடியஸ் அமியண்டு என்பவர் பதினொரு வயதுச் சிறுவனொருவனின் குடலிறக்கத்தை அறுத்தபோது, ஊசியொன்று துளைத்திருந்த குடல்வாலைக் கண்டு அகற்றினார். ஆனால் அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் மருத்துவர்கள் இந்த வயிற்றுச் சீழுக்குக் காரணம் பெருங்குடலே என்று எண்ணிக்கொண்டு, அபினியும் ஒற்றடமும் கொடுத்துக் காத்திருந்தனர். 1886-இல் பாஸ்டன் நகரத்து ரெஜினால்டு பிட்ஸ் என்பவரே குற்றவாளியை இன்னதென்று சுட்டி, அதற்குப் பெயருமிட்டு, காலந்தாழ்த்தாது அறுக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். ஆயினும் பொதுமக்கள் இதனை நம்புவதற்கு ஒரு மன்னரின் வயிறு வலிக்க வேண்டியிருந்தது. 1902-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடிசூட்டு விழா குறிக்கப்பட்டிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர்ச் சர் பிரெடரிக் டிரீவ்ஸ் என்பவர் அரண்மனையிலேயே அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்து சீழை வடித்தார். குடல்வாலை அகற்றவில்லை, சீழை வடித்ததோடு நிறுத்தினார். விழா ஆகஸ்டு 9-ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று. அந்த டிரீவ்ஸ் 1900-இல் தம் சொந்த மகளை இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். காத்திருப்பதன் விலை இன்னதென்பது அவரினும் நன்கு அறிந்தவர் அன்று யாரும் இருந்திருக்க மாட்டார்.

அம்மன்னரின் பெயரைத் தாங்கி நின்ற மருத்துவமனைகளுள் ஒன்று நம் செகந்தராபாத்தில் இருந்தது. 1851-இல் சிறியதொரு மருத்துவ விடுதியாகத் தோன்றிய அந்நிலையம், பிற்காலத்தில் எட்வர்டு மன்னர் நினைவு மருத்துவமனை என்று வழங்கியது. இரயில் நிலையத்திற்கு அணித்தாயிருந்தமையால், சென்னைப் பட்டாளங்களைத் தொடர்ந்து வந்து கண்டோன்மெண்டிலே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் அதுவே ஆஸ்பத்திரியாயிற்று. நாடு விடுதலை பெற்றபின், 1954-இல் காந்தி மருத்துவக் கல்லூரி தோன்றியது; அக்கல்லூரியோடு இணைந்த இம்மருத்துவமனைக்கும் மன்னர் பெயர் நீங்கி, 1950-களிலேயே காந்தியடிகள் பெயர் வந்து சேர்ந்தது.

பெயர் மாற்றியோர் கருதிச் செய்தனரோ இலரோ, காந்தியடிகளும் இந்நோயினின்று உயிர் தப்பியவரே. எரவாடா சிறையில் இருந்த அவருக்கு 1924 ஜனவரியில் கடும் வயிற்று வலி கண்டது. பூனா நகரத்துச் சாசூன் மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுவந்தனர். தமக்குப் பழக்கமான பம்பாய் மருத்துவர்கள் வந்து சேர்வதற்குள் நிலைமை முற்றிவிடும் என்பதை உணர்ந்த அடிகள், கர்னல் மாடக் என்னும் ஆங்கில மருத்துவரே அறுக்கலாமென்று இசைந்தார். அந்த இசைவை எழுத்தில் அமைக்க உடனிருந்தவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். நவீன மருத்துவத்தைக் கடிந்து எழுதிய கை, நடுங்கியவாறே அத்தாளில் கையெழுத்திட்டது. ஜனவரி 12-ஆம் நாள் இரவு அறுவை நடந்துகொண்டிருக்கையில் மின்விளக்கு அணைந்துபோயிற்று. அரிக்கேன் விளக்கின் ஒளியில் எஞ்சிய பணியை முடித்தனர். பிப்ரவரி 5-ஆம் நாள் அரசினர் அடிகளை விடுதலை செய்தனர். விளக்கு அணைந்ததையே பலரும் வியந்து பேசுவர். எனக்கு வியப்பளிப்பது வேறு. தம் மருத்துவர்கள் வரட்டும் என்று காத்திருக்க அடிகளுக்கு எத்தனையோ காரணங்கள் இருந்தன. அவர் காத்திருக்கவில்லை.

இனி ஐதராபாத்தின் கொள்ளை நோய் வரலாற்றுக்கு வருவோம். மகாமாரியும் 1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலும் நிசாம் அரசையும் உலுக்கின. தொற்று நோயாளரை ஒதுக்கி வைப்பதற்கென்றே அன்றைய அரசு தனி மருத்துவமனை அமைத்தது. அஃது இன்று நல்லகுண்டாவில் உள்ள காய்ச்சல் மருத்துவமனை. 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்ட சர் ரொனால்டு ராஸ் பெயரை அது தாங்குகின்றது. ஆனால் பழைய ஐதராபாத்தியர் அதனைக் 'கோரண்டி தவாகானா' என்றே சொல்வர். 'குவாரண்டைன்' என்னும் ஆங்கிலச் சொல் மக்கள் நாவில் தேய்ந்து 'கோரண்டி' ஆயிற்று. தொற்று நோயாளி கோரண்டிக்குச் செல்க, ஏனையோர் பொது மருத்துவமனைக்குச் செல்க என்பது அவ்வேற்பாட்டின் கருத்து. எலும்பு முறிந்தவனும், பேறுகாலப் பெண்ணும், குடல்வால் வீங்கியவனும் கொள்ளை நோய்க் காலத்திலும் போக ஓரிடம் இருந்தது.

2020-இல் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. மார்ச்சு 2-ஆம் நாள் தெலங்கானாவில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச்சு 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. அதனையொட்டிய நாட்களில் காந்தி மருத்துவமனை முழுவதும் கொரோனா நோயாளிகளுக்கே உரியதென அறிவிக்கப்பட்டது. 2003-இல் இரயில் நிலையத்தருகிருந்து முஷீராபாத்தின் பழைய சிறைச்சாலை இருந்த இடத்திற்குப் பெயர்ந்துவிட்ட அம்மருத்துவமனையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ளன. பத்மராவ் முதலியார் பெயரால் அமைந்த பத்மராவ் நகர், நம்மவர் மிகுதியாக வாழும் பகுதி, அதன் பக்கத்திலேயே உள்ளது. அங்கிருந்த பிற நோயாளிகளை உஸ்மானியா பொது மருத்துவமனைக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினர். இம்முடிவை நான் குறை கூற முற்படவில்லை. கொரோனா, மூச்சை அடைக்கும் நோய். உயிர்வளிக் குழாய்களும் மூச்சுக் கருவிகளும் மிகுதியாயுள்ள இடத்தைத்தான் அதற்கு ஒதுக்க முடியும். அத்தகைய இடம் பொது மருத்துவமனையாகவே இருக்கும். கோரண்டி ஏற்பாடு இந்நோய்க்குப் போதவில்லை. ஆயினும் இதன் விலையை யாரோ கொடுத்தாக வேண்டும்.

போவன்பள்ளியிலிருந்து தாட்பந்து, பாரடைஸ் சந்திப்பு வழியாகச் சில கல் தொலைவில் இருந்த கதவு மூடப்பட்டது. இனி நகரைக் கடந்து மூசி நதிக்கரையிலுள்ள உஸ்மானியாவுக்கே செல்ல வேண்டும். இரண்டு மருத்துவமனைகளின் சுமையைத் தாங்கிய அந்த மருத்துவமனைக்கும் ஜூலையில் துன்பம் வந்தது. ஜூலை 15-ஆம் நாள் பெய்த மழையில் சாக்கடை நீரோடு மழைநீரும் கலந்து பழைய கட்டடத்தின் வார்டுகளுக்குள் புகுந்தது. நோயாளிகளின் கட்டில்களைச் சுற்றி நீர் நின்ற படங்களை நாடே பார்த்தது. அம்மாத இறுதிக்குள் நூற்றாண்டுப் பழமை கொண்ட அக்கட்டடத்தை மூடி முத்திரையிட்டனர். 1908-இல் மூசி வெள்ளம் அதே கரையிலிருந்த பழைய அப்சல்கஞ்சு மருத்துவமனையை அடித்துச் சென்றது. அவ்வளாகத்துப் புளியமரத்தில் ஏறி நூற்றைம்பது பேர் பிழைத்தனர் என்பர். ஆற்றங்கரை அந்த மருத்துவமனைக்கு வாய்த்த ஊழ் போலும்.

அரசு மருத்துவமனை இல்லையெனில் தனியார் மருத்துவமனை உண்டே என்று கேட்கலாம். போவன்பள்ளியிலிருந்து மேட்சல் செல்லும் நெடுஞ்சாலையில் அவற்றுக்குக் குறைவில்லை. அதே சாலையில், தேவரயாம்சாலில், 2005 ஆகஸ்டு 15 அன்று ஐதராபாத்தில் பிறந்து இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் ஓடும் 108 ஆம்புலன்சுச் சேவையின் தலைமையிடமும் இருக்கின்றது. ஆனால் வண்டி வந்தாலும் இறங்குமிடம் வேண்டுமல்லவா? கொரோனா இல்லையென்ற சோதனைச் சீட்டைக் கொண்டுவந்தாலன்றி உள்ளே விடோம் என்று பல இடங்களில் கூறினர். அக்காலத்தில் அச்சோதனையின் முடிவு கைக்கு வர ஒரு நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். இருபத்துநான்கு மணி நேர நோவுக்கு இருபத்துநான்கு மணி நேரச் சோதனை! ஏப்ரல் இறுதியில் நடுவண் அரசின் சுகாதாரத் துறை மாநிலங்களுக்கெல்லாம் எழுதிய கடிதத்தில், மருத்துவமனைகள் இன்றியமையாச் சிகிச்சைகளை மறுக்கலாகாது, தேவையின்றிச் சோதனையை நிபந்தனையாக்கவும் கூடாது என்று வற்புறுத்தியிருந்தது. அரசுச் சுற்றறிக்கைகளோடு நாள்தோறும் புழங்குபவன் நான். அவை தலைநகரிலிருந்து சேர்க்கை மேசை வரை பயணம் செய்ய எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். சில நிமிடங்களில் முடிவு கூறும் விரைவுச் சோதனை வந்த பின்னரே இவ்விறுக்கம் சற்றுத் தளர்ந்தது. இதற்கிடையே ஜூனில் காந்தி மருத்துவமனையின் இளம் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சக மருத்துவர் ஒருவர் தாக்கப்பட்டதே உடனடிக் காரணம். எல்லாக் கொரோனா நோயாளிகளையும் ஒரே கூரையின்கீழ்க் குவிக்காமல் பரவலாக்குக என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று.

அறுவை மருத்துவர்களுக்கும் அஞ்சக் காரணம் இருந்தது. கொரோனா கண்டவர்க்கு அறுவை செய்தால் என்ன நேரும் என்பதை 24 நாடுகளின் 235 மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்ந்து 2020 மே மாதத்தில் வெளியிட்டன. 1,128 நோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய இருபத்துநால்வர் முப்பது நாட்களுக்குள் இறந்திருந்தனர். அவருள் முதியோரும் பெரிய அறுவைக்கு ஆட்பட்டோரும் பலர். ஆகையால் குடல்வால் அறுவைக்கு அக்கணக்கை அப்படியே பொருத்தலாகாது. எனினும் அச்சத்திற்கு அஃது போதும். மயக்கமூட்டுவதற்காகத் தொண்டைக்குள் குழாய் செலுத்தும்போது நோயாளியின் மூச்சு அறையெங்கும் பரவும். வயிற்றுக்குள் காற்றைச் செலுத்திச் செய்யும் லாப்ராஸ்கோப்பி முறையிலும் கிருமி வெளிவரலாம் என்று தொடக்கத்தில் ஐயுற்றனர். ஆகவே சில நாடுகளின் மருத்துவச் சங்கங்கள் பழைய திறந்த அறுவைக்கே திரும்புமாறும், இயலுமிடத்து முதுகில் ஊசியிட்டு உடலின் கீழ்ப்பாதியை மட்டும் மரக்கச் செய்யுமாறும் பரிந்துரைத்தன.

மயக்க மருந்து என்றதும் ஐதராபாத்தின் பழைய பெருமையொன்று நினைவுக்கு வருகின்றது. 1888-இலும் 1889-இலும் நிசாமின் பொருளுதவியால் இங்கே குளோரோபாம் ஆராய்ச்சிக் குழுக்கள் கூடின. எட்வர்டு லாரி என்பவர் அவற்றை நடத்தினார். மயங்கியவரின் நாடியைப் பாராதே, மூச்சைப் பார் என்பது அவருடைய கொள்கை. குளோரோபாம் இதயத்தைத் தாக்காது என்ற அவரது முடிவைப் பிற்கால ஆராய்ச்சி மறுத்துவிட்டது. மூச்சைக் கவனிக்க வேண்டுமென்ற பாடம் மட்டும் நிலைத்தது. நூற்றுமுப்பது ஆண்டு கழித்து அதே நகரத்து அறுவைக் கூடங்களில் மருத்துவர் மீண்டும் மூச்சையே பார்த்து நின்றனர். இம்முறை நோயாளியின் மூச்சு தம்மேல் படுமோ என்ற கவலையோடு.

அறுக்காமலே மருந்தால் மட்டும் ஆற்ற முடியுமா என்ற கேள்வி அப்போது எங்கும் எழுந்தது. இது புதியதன்று. 1950-களிலேயே இங்கிலாந்தில் எரிக் கோல்டிரே என்பவர் 471 பேருக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் சிகிச்சை செய்து, ஒருவரை மட்டுமே இழந்ததாக எழுதினார். கத்தியில் நம்பிக்கை ஓங்கியிருந்த காலமாதலின் அவர் சொல் எடுபடவில்லை. பெருந்தொற்று அதற்குச் செவிசாய்க்க வைத்தது. அமெரிக்காவின் 25 மருத்துவமனைகளில் 1,552 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவும் 2020 அக்டோபரில் வெளிவந்தது. மருந்து மட்டும் பெற்றவருள் பத்தில் மூவர் தொண்ணூறு நாட்களுக்குள் அறுவைக்கு வந்தனர். ஏனையோர்க்கு அந்நாட்களுக்குள் அது தேவைப்படவில்லை. குழாயின் வாயில் கல் அடைத்திருந்தவருள் பத்தில் நால்வர் அறுவைக்கு வந்தனர். எனவே மருந்து ஒரு வழிதான். ஆனால் யாருக்கு அது பொருந்தும் என்று கூற மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நோயாளி வந்து சேர வேண்டும்.

அவர் வரவில்லை என்பதுதான் கதையின் கரு. அந்த மாதங்களில் குடல்வால் நோயோடு வந்தோர் தொகை குறைந்ததையும், வந்தவருள் குழாய் வெடித்த நிலையில் வந்தோர் விகிதம் கூடியதையும் பல நாடுகளின் மருத்துவர்கள் குறித்துள்ளனர். இலேசான நோய் சில தானாகவே ஆறியிருக்கலாம். எஞ்சியவர் வீட்டில் காத்திருந்தனர்.

இரண்டாம் அலை அதனினும் கொடியது. 2020 நவம்பரில் பிற நோயாளிகளுக்குத் திறந்த காந்தி மருத்துவமனை, 2021 ஏப்ரலில் மீண்டும் கொரோனாவுக்கே உரியதாயிற்று. மே 12-ஆம் நாள் தெலங்கானாவில் ஊரடங்கு வந்தது. தொடக்கத்தில் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை மட்டுமே நடமாடலாம். அம்மாதத்தில் எங்கள் தெருவிலே, நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து போவன்பள்ளிக் காய்கறிச் சந்தையில் தொழில் செய்யும் குடும்பத்து மகனுக்கு, பதினேழு வயதிருக்கும், வயிற்று வலி கண்டது. உடம்பில் காய்ச்சலும் இருந்தது. காய்ச்சல் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே மக்கள் அஞ்சிய நாட்கள் அவை. மருத்துவமனைக்குப் போனால் இல்லாத நோயும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று தாயார் தடுத்தார்; ஓமநீரும் வெந்தயமும் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை வலி தணிந்தது என்று பையன் எழுந்து உட்கார்ந்தான். வீட்டார் தெய்வத்திற்கு முடிந்து வைத்தனர். மாலைக்குள் வயிறு பலகை போல் இறுகிற்று. முதலில் சென்ற இடத்தில் சோதனைச் சீட்டுக் கேட்டுத் திருப்பினர். இரண்டாம் இடத்தில் ஏற்று, இரவோடிரவாக அறுத்துச் சீழை வடித்தனர். சில நாளில் நடமாடி வீடு திரும்பியிருக்க வேண்டியவன் மூன்று வாரம் படுத்துக் கிடந்தான்; தகப்பனார் அவ்வாண்டு முழுதும் கடன் அடைத்தார். அவன் பிழைத்தான். அந்தத் தாயாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெருமுனையில் நாள்தோறும் ஆம்புலன்சு நிற்கக் கண்டவர் அவர்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் நேர்ந்தது. கொரோனா வந்து சில வாரங்கள் சென்றபின், சில குழந்தைகளுக்கு உடலெங்கும் அழற்சி தோன்றுகின்றது. காய்ச்சலும் கடும் வயிற்று வலியும் வாந்தியும் அதன் குறிகள். அதைக் குடல்வால் நோயென்று கருதி அறுவைக் கூடம் வரை கொண்டு சென்றதும் உண்டு.

2021 ஆகஸ்டில் காந்தி மருத்துவமனை பிற நோயாளிகளுக்கு மீண்டும் திறந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்தது. உஸ்மானியாவுக்குப் புதிய கட்டடம் எழுப்பக் கோஷாமகாலில் 2025 ஜனவரி 31 அன்று அடிக்கல் நாட்டினர். போவன்பள்ளியார் இப்போது நள்ளிரவிலும் முஷீராபாத்திற்கே செல்லலாம். அவசரப் பிரிவின் வாயிலில் பணிமருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி, 'நொப்பி எப்பட்டி நுஞ்சி?' என்பது. எப்போதிலிருந்து வலி என்று பொருள். நம்மவர் பலர் இதற்கு விடையாகத் தாம் என்ன உண்டோம் என்பதையும், எந்த மருந்து விழுங்கினோம் என்பதையும் விரித்துரைக்கத் தொடங்குகின்றனர். அவர் கேட்பது மணிக்கணக்கு. 'நின்ன ராத்திரி நுஞ்சி', அதாவது நேற்று இரவிலிருந்து, என்று மூன்று சொல்லில் கூறிவிட்டு, வலிக்கும் இடத்தில் கையை வைத்துக் காட்டினால் போதும்.